பாதுகாக்கப்பட்ட இருட்டு

முதலில் ஒரு வாக்குமூலம். போலிக் குகை ஒன்றுக்குள் காசு கொடுத்துப் போய், நெகிழ்ந்து, கொஞ்சம் வெட்கப்பட்டுத் திரும்பியவன் நான்.

ஆஸ்திரேலியாவில், குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், பிரிஸ்பேனுக்குத் தெற்கே டம்போரின் என்று ஒரு மலை. அங்கே ஒரு திராட்சைத் தோட்டம், ஒயின் ருசி பார்க்கிற கூடம், அதே வளாகத்தில் ஒரு குகை. மலை தானாகக் குடைந்துகொண்ட குகை அல்ல. மனிதர்கள் கட்டி 2007-இல் திறந்தது. இரும்புக் கம்பியில் எலும்புக்கூடு அமைத்து, மேலே சிமெண்டுக் கலவையைப் பீய்ச்சியடித்து, பாறை மாதிரி மேடு பள்ளம் இழைத்து, கூரையிலிருந்து கல்விழுதுகளும் தொங்கவிட்டிருக்கிறார்கள். உள்ளே ஆயிரக்கணக்கான ஒளிப்புழுக்கள்.

கூட்டிக்கொண்டு போனவன் என் அக்கா மகன். வாசலிலேயே சொல்லிவிட்டான்: "மாமா, இது சுத்த சிமெண்டு. நிஜமானதைப் பார்க்கணும்னா காரை எடுத்துக்கிட்டு ராத்திரி நேச்சுரல் பிரிட்ஜ் போகணும். அங்க கூட்டம் தாங்காது. அதான் முதல்ல இங்க."

உள்ளே வழிகாட்டிப் பெண் கையிலிருந்த சிவப்பு விளக்கை அணைத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு நீலப்புள்ளி. அப்புறம் பத்து. அப்புறம் எண்ண முடியவில்லை. சிமிட்டாத, நகராத, ஓசையில்லாத நீலம். சின்ன வயசில் மொட்டைமாடியில் மல்லாந்து படுத்துக் கிடந்தபோது வருகிற அந்தப் பயம் கலந்த சந்தோஷம் அப்படியே வந்தது. வெளியே வந்து வெயிலில் நின்றதும்தான் வெட்கம். சிமெண்டைப் பார்த்தா உருகினோம்?

வெட்கத்துக்குக் காரணம் இருக்கிறது. அசல், நகல், பிம்பம் என்று வருஷக்கணக்காகக் கூட்டம் போட்டுப் பேசி வந்தவன் நான். போத்ரியாரை அரைகுறையாகப் படித்துவிட்டு முழுசாகப் பேசியவர்களில் ஒருவன். அவர் 1981-இல் வந்த நூலில் லாஸ்கோ குகையை உதாரணமாக எடுத்துக்கொண்டிருப்பார். பிரான்சில் 1940-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஆதிமனிதர்களின் ஓவியக் குகை அது. பார்க்க வந்த கூட்டத்தின் மூச்சாலும் விளக்குகளாலும் சுவர்கள் கெட்டு, பாசி படர்ந்து, 1963-இல் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. பக்கத்திலேயே ஒரு நகல் குகை கட்டி 1983-இல் திறந்தார்கள். நகல் திறக்கும் முன்பே போத்ரியார் எழுதிவிட்டார். இப்படி ஒரு இரட்டை வந்துவிட்டால் அதன்பின் இரண்டுமே செயற்கைதான், அசலுக்கும் நகலுக்கும் நடுவே இருந்த வித்தியாசம் செத்தது என்பது அவர் சொன்னதன் சாரம்.

ரொம்ப நாள் இந்த வாதத்தை நானும் சுமந்து திரிந்தேன். டம்போரினில் அது என் கையிலிருந்து நழுவியது. காரணம் எளிமையானது. ஓவியத்துக்குப் பசிக்காது. புழுவுக்குப் பசிக்கும். லாஸ்கோவில் குகையும் நகல், மாடும் நகல். இங்கே குகை மட்டும்தான் நகல். அதற்குள் அசல் ஒன்று பசியோடு தொங்கிக்கொண்டிருக்கிறது. அசல்/நகல் என்கிற இருமை எதிர்வை வைத்து இந்த இடத்தை வாசிக்க முடியாது. வேறொரு சொல்லைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்க்கலாம். அந்தச் சொல் 'பாதுகாப்பு'.

*

அதற்கு முன்னால் புழுவைப் பற்றி.

மின்மினி என்று எழுதத்தான் கை போகிறது. அது தவறு. நம்மூர் மின்மினி வண்டினம். இது ஈ, கொசு வகையறாவைச் சேர்ந்த ஒரு சின்னப் பூச்சியின் புழுப்பருவம். அரக்னோகாம்பா என்று பேரினப் பெயர். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. குடியேறிய வெள்ளையர்களும் முதலில் இதே தவறைத்தான் செய்தார்கள். ஐரோப்பாவில் தங்களுக்குத் தெரிந்த ஒளிவண்டின் சொந்தக்காரன் என்று நினைத்தார்கள். 1886-இல் கிறைஸ்ட்சர்ச்சில் இருந்த ஒரு பள்ளி ஆசிரியர்தான் இது வண்டல்ல என்று காட்டினார். 1891-இல் ஒரு லத்தீன் பெயர், 1924-இல் அதை மாற்றி இன்னொரு பெயர். மவோரி மக்கள் அதற்கு வெகுகாலம் முன்பே 'டிடிவை' என்று அழைத்து வந்தார்கள். 'வை' என்றால் தண்ணீர். தண்ணீருக்கு மேலே தெரிகிற வெளிச்சம். வசிக்கிற இடத்தை வைத்து வந்த பெயர் அது.

புழு தன் எச்சிலாலும் பட்டு நூலாலும் பாறையின் அடிப்பக்கத்தில் ஒரு வழுவழுப்பான தொட்டில் கட்டிக்கொள்கிறது. அதிலிருந்து டஜன் கணக்கில் இழைகளைக் கீழே தொங்கவிடுகிறது. ஒவ்வொரு இழையிலும் மணி கோர்த்ததுபோல் ஒட்டும் துளிகள். தண்ணீரிலிருந்து கிளம்பும் சிறு பூச்சிகள் மேலே வெளிச்சத்தைக் கண்டு பறந்து வந்து இழையில் மாட்டும். புழு இழையைச் சுருட்டி இழுத்துத் தின்னும். நாம் கீழே நின்று நட்சத்திரம் என்று கவிதை சொல்லிக்கொண்டிருக்கிறோம். மேலே நடப்பது தூண்டில் வேலை. அடுத்த புழு ரொம்பக் கிட்டே வந்தால் சண்டை. சில நேரம் அதையும் தின்றுவிடும்.

இந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? கழிவு உறுப்பிலிருந்து. நமக்குச் சிறுநீரகம் செய்கிற வேலையைப் பூச்சிகளுக்குச் செய்யும் மால்பீஜியன் குழல்களின் நுனி வீங்கி, அதுவே விளக்காகியிருக்கிறது. இதைப் படித்த அன்றைக்கு நம்மூர் தூய்மை/தீட்டுச் சொல்லாடல்கள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. அவற்றை இங்கே இழுக்கவில்லை. இன்னொன்றை மட்டும் சொல்ல வேண்டும். மின்மினி வண்டு நரம்பின் கட்டளையால் விளக்கைப் போடுகிறது. இந்தப் புழு நரம்பின் கட்டளையால் விளக்கை அடக்குகிறது. மயக்கம் கொடுத்தால், தலையிலிருந்து வரும் கட்டளையைத் துண்டித்தால், நன்றாக எரிகிறது. அதாவது எரிவதுதான் அதன் இயல்பு. அணைந்திருப்பதுதான் அதன் உழைப்பு. டார்ச் வெளிச்சம் பட்டதும் அது மங்கிப்போவதை 'பயந்துடுச்சு' என்கிறோம். அந்த மங்கலுக்குள் அதன் இரை நேரம் போய்க்கொண்டிருக்கிறது என்பது நமக்குத் தோன்றுவதில்லை.

வளர்ந்து சிறகு முளைத்த பூச்சிக்குத் தின்ன வாயே சரியாகக் கிடையாது. சில நாள்தான் உயிர். புழுவாகத் தின்றதுதான் ஆயுசுக்கும். எனவே புழுவுக்கு வேண்டியதெல்லாம் வேண்டும்: இருட்டு, கிட்டத்தட்ட நிறைந்த ஈரம், இழைகள் சிக்காத அளவுக்கு அசைவற்ற காற்று, தொங்குவதற்கு ஒரு மேல்தளம், கீழே பூச்சி பிறக்கிற தண்ணீர். ஈரம் குறைந்தால் துளிகள் காய்ந்து இழை வெறும் நூல் ஆகிவிடும். புழு பட்டினி கிடக்கும். குகையேதான் வேண்டும் என்று அது அடம் பிடிப்பதில்லை. ஓடைக்கரை மண்சரிவு போதும். இந்த ஐந்தும் இருந்தால் சரி.

*

இந்தப் புழுவைப் பற்றின முதல் எழுத்துப் பதிவு 1871-இல் வருகிறது. எங்கே எடுத்தார்கள்? நியூசிலாந்தின் தேம்ஸ் பகுதியில், ஒரு தங்கச் சுரங்கத்தில். மனிதன் வெட்டிய பொந்தில். செயற்கைக் குகை என்பது 2007-இல் யாரோ யோசித்துக் கண்டுபிடித்ததல்ல. அறிவியல் ஏட்டில் இந்தப் புழு காலெடுத்து வைத்ததே ஒரு செயற்கைக் குகையிலிருந்துதான்.

சிட்னிக்கு மேற்கே வோலமி வனப்பகுதியில் நியூன்ஸ் என்று ஒரு இடம். எண்ணெய்ப் பாறை வெட்டி எரிபொருள் காய்ச்சுவதற்காக ஒரு கம்பெனி அங்கே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறங்கியது. மலையைக் குடைந்து ரயில் பாதை போட்டது. 1907-இல் ரயில் ஓடியது. லாபம் வரவில்லை. 1932-இல் பாதை மூடப்பட்டது. தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். சுரங்கப்பாதையைப் பெயர்க்க முடியாதே, அது அங்கேயே கிடந்தது. வளைந்த சுரங்கம் என்பதால் நடுவில் இருட்டு. தரையில் ஓடைத் தண்ணீர். புகையும் இரைச்சலும் போன பிறகு ஒளிப்புழு வந்து குடியேறியது. இன்றைக்கு அதன் பெயரே ஒளிப்புழுச் சுரங்கம். சிட்னிக்குத் தெற்கே ஹெலன்ஸ்பர்கிலும் கைவிடப்பட்ட ஒரு ரயில் சுரங்கத்தில் இதே கதைதான். அங்கே வேடிக்கை பார்க்க வந்தவர்களால் சேதம் ஏற்பட்டு, மக்கள் நுழையாமல் மூட வேண்டி வந்தது.

மூலதனம் தோண்டி, தோற்று, விட்டுவிட்டுப் போன இருட்டில் புழு தானாக வருகிறது. யாரும் அழைக்கவில்லை, யாரும் சோறு போடவில்லை. முதலாளித்துவத்தின் கழிவிடத்தில் ஒரு விளக்கு என்று இதை அழகாக்கிவிட ஆசைதான். அந்தச் சுரங்கத்தைக் குடைந்த கூலிகளின் ஞாபகம் வந்து தடுக்கிறது.

*

இப்போது வைட்டோமோ. உலகத்திலேயே அதிகம் பேசப்படுகிற ஒளிப்புழுக் குகை. நியூசிலாந்தின் வட தீவில் இருக்கிறது.

1860-களில் நிலத்துக்காக நடந்த போர்களில் வைகாட்டோ பறிபோன பிறகு, மவோரி அரசர் தன் மக்களோடு தெற்கே ஒதுங்கிய நிலப்பகுதிக்கு வெள்ளையர்கள் 'அரசர் நாடு' என்று பெயர் வைத்தார்கள். ஏறக்குறைய இருபது வருஷம் வெள்ளையர் உள்ளே நுழைய முடியாத எல்லை அது. 1880-களில்தான் கதவு திறந்தது. எதற்கு? ரயிலுக்கு. 1885-இல் வடதீவின் பிரதான ரயில்பாதை அந்த நிலத்துக்குள் போடத் தொடங்கப்பட்டது. பின்னாலேயே சர்வேயர்கள், நிலக்கோர்ட்டு, பட்டா.

1887-இல் டானே டினோராவ் என்கிற உள்ளூர்த் தலைவரும், ஃபிரெட் மேஸ் என்கிற ஆங்கில சர்வேயரும் ஒரு மிதவையில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஓடை வழியாகக் குகைக்குள் போனார்கள். 'கண்டுபிடித்தார்கள்' என்று சுற்றுலா ஏடுகளில் எழுதியிருக்கும். குகை இருப்பது அங்கிருந்தவர்களுக்குத் தெரியும். முழுசாக உள்ளே போய்ப் பார்த்தது அப்போது. மேல்வாசலைப் பிற்பாடு கண்டுபிடித்தவர் டினோராவ்தான். 1889-இல் அவரும் அவர் மனைவி ஹுட்டியும் ஒரு சின்னக் கட்டணம் வாங்கிக்கொண்டு வருகிறவர்களை அழைத்துப்போய்க் காட்டத் தொடங்கினார்கள். தன் நிலத்து இருட்டைத் தானே காட்டுகிற உரிமை.

பதினேழு வருஷம் நடந்தது. வந்தவர்கள் கல்விழுதுகளை உடைத்து எடுத்துப்போனார்கள். 1903-இல் நியூசிலாந்தில் இயற்கைக் காட்சிப் பாதுகாப்புச் சட்டம் வருகிறது. 1906-இல் குகையின் நிர்வாகத்தை அரசு எடுத்துக்கொள்கிறது. சேதம் தடுக்க, பாதுகாக்க. உடைத்தவன் சுற்றுலாக்காரன். பறிகொடுத்தவர் டினோராவ். இந்தக் கணக்கு எனக்குப் புதிதாகப் படவில்லை. காட்டைக் காப்பாற்றுகிறோம் என்று காட்டில் இருப்பவனை வெளியே தள்ளுகிற கணக்கு நமக்கெல்லாம் நன்றாகவே தெரியும். குகையும் நிலமும் டினோராவ், ஹுட்டி வம்சத்தாருக்குத் திரும்பியது 1989-இல். எண்பத்து மூன்று வருஷம்.

அரசு பாதுகாத்த லட்சணம் என்ன என்று பார்க்கலாம். வைட்டோமோவுக்கு மேலே ஒரு வாசல், கீழே ஆறு வெளியேறும் வாசல். ஒரு புகைபோக்கி மாதிரி. குளிர்காலத்தில் வெளிக்காற்றைவிடக் குகைக்காற்று வெப்பமாக இருக்கும், மேலே ஏறி வெளியே போகும். கீழிருந்து குளிர்ந்த, ஈரமில்லாத காற்று உள்ளே இழுக்கப்படும். குகை காயும். மேல்வாசலில் அடைப்பான கதவு இருந்தவரை இது கட்டுக்குள் இருந்தது. 1970-களில் அந்தக் கதவை எடுத்துவிட்டுக் கம்பிக்கதவு போட்டார்கள். காற்று தாராளமாக ஓடியது. இழைகள் காய்ந்தன, விளக்குகள் குறைந்தன. 1979-இல் சில மாதம் குகையையே மூட வேண்டியதாயிற்று. அதன்பிறகுதான் காற்றோட்டம், ஈரம், வெப்பம் எல்லாவற்றையும் அளக்கத் தொடங்கினார்கள். மறுபடி அடைப்பான கதவு. மனித மூச்சிலிருந்து வரும் கரியமில வாயு ஈரத்தோடு சேர்ந்து சுண்ணாம்புக் கல்லை அரிப்பதால், குகைக்காற்றில் அது பத்து லட்சத்துக்கு 2,400 பங்கைத் தாண்டக்கூடாது என்று ஒரு வரம்பு. கருவி பார்த்துச் சொல்கிறது, அதற்கேற்ப ஆளை உள்ளே விடுகிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். கதவு வைத்து, காற்றை அளந்து, மூச்சை எண்ணிக் காப்பாற்றப்படும் இடத்தை 'இயற்கைக் குகை' என்கிறோம். டம்போரினில் இருப்பதைச் 'செயற்கை' என்கிறோம். சுவர் மட்டும்தான் வேறு. நிர்வாகம் ஒன்றேதான்.

வைட்டோமோவிலிருந்து கொஞ்ச தூரத்தில் ருவாகுரி என்று இன்னொரு குகை. 1904-லிருந்து மக்கள் பார்த்து வந்தது. 1988-இல் ஒரு தகராறில் மூடப்பட்டது. அதன் இயற்கையான வாசல் மவோரிகளுக்கு இடுகாடு, முன்னோர்கள் புதைக்கப்பட்ட புனித இடம். 2005-இல் மறுபடி திறந்தபோது அந்த வாசலைத் தொடவில்லை. வேறொரு பக்கம் பூமியைத் துளைத்து, சுழன்று சுழன்று இறங்கும் ஒரு பெரிய செயற்கைக் கிணறு கட்டி அதன்வழி மக்களை இறக்குகிறார்கள். குகைக்காற்று கலையாமல் இருக்கக் கதவுகளும் உண்டு. எனக்கு இந்த வரலாறு முழுவதிலும் பிடித்த கட்டுமானம் இதுதான். செத்தவர்களின் வாசலை விட்டுக்கொடுத்து, உயிரோடிருப்பவன் தனக்கு வேறு வாசல் கட்டிக்கொள்கிறான். இங்கே சிமெண்டு ஒரு மரியாதை.

*

டம்போரினுக்குத் திரும்புகிறேன். அந்த மண்ணுக்கும் ஒரு 'பாதுகாப்பு' வரலாறு உண்டு.

அது யுகம்பே மொழி பேசியவர்களில் வாங்கரிபுர்ரா மக்களின் நிலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளையர்கள் சிவப்பு தேவதாரு தேடி ஏறினார்கள். பெயர்தான் தேவதாரு, உண்மையில் வேம்புக் குடும்பத்து மரம். வெட்டித் தீர்த்த பிறகு ஓடைக்கு அந்த மரத்தின் பெயர் மிஞ்சியது. நான் போன திராட்சைத் தோட்டத்தின் பெயரிலும் அந்த ஓடைதான் இருக்கிறது. 1897-இல் குவீன்ஸ்லாந்து ஒரு சட்டம் போட்டது: பழங்குடியினர் பாதுகாப்பு, அபின் விற்பனைக் கட்டுப்பாடு. பழங்குடிகளுக்குப் 'பாதுகாவலர்' என்று அதிகாரிகளை நியமித்தார்கள். யார் எங்கே வசிக்கலாம், யாரிடம் வேலை செய்யலாம், யாரை எந்த ரிசர்வுக்கு அனுப்பலாம் என்று தீர்மானிக்கிற அதிகாரம் அந்தப் பாதுகாவலருக்கு. பதினோரு வருஷம் கழித்து, 1908-இல், இதே டம்போரினில் ஏர் ஓடாத செங்குத்துச் சரிவு ஒன்றைக் குவீன்ஸ்லாந்தின் முதல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். விட்ச்சஸ் ஃபால்ஸ். ஒரே அரசு, ஒரே சொல். மனிதனைப் பாதுகாத்து நிலத்திலிருந்து பெயர்த்தது. பெயர்த்த நிலத்தில் மீந்த காட்டைப் பாதுகாத்துப் பூங்கா ஆக்கியது.

வாங்கரிபுர்ரா மொழியின் இலக்கணமும் சொற்பட்டியலும் இன்றைக்கு நமக்குக் கிடைக்கிறது. ஜான் ஆலன் என்கிற புல்லும் தன் ஞாபகத்திலிருந்து சொன்னது அது. எதில் அச்சானது தெரியுமா? பழங்குடியினருக்கான தலைமைப் பாதுகாவலரின் 1913-ஆம் வருஷ அறிக்கையில்.

அந்தப் பகுதியின் ஒளிப்புழு அரக்னோகாம்பா ஃபிளாவா, தென்கிழக்குக் குவீன்ஸ்லாந்தின் மழைக்காட்டுக்காரன். மழைக்காடு என்பது வெட்டியது போக மிச்சம். கூட்டம் அதிகம் போவது ஸ்பிரிங்புரூக் தேசியப் பூங்காவில் இருக்கும் நேச்சுரல் பிரிட்ஜுக்கு. அருவி ஒன்று பாறைக்கூரையைத் துளைத்துக்கொண்டு குகைக்குள் விழுகிற இடம். ராத்திரி பஸ் பஸ்ஸாக வருகிறார்கள். டார்ச், கேமரா ஃபிளாஷ், பூச்சிவிரட்டி மருந்து, பேச்சு.

செயற்கைக் குகைக்கான வாதம் இங்கிருந்து வருகிறது. அதைக் கட்டுவதற்குக் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் இந்தப் புழுவை ஆராய்ந்து வந்த டேவிட் மெரிட் போன்றவர்களின் அறிவு பயன்பட்டிருக்கிறது. கட்டுவது சுலபம், நடத்துவதுதான் கஷ்டம். காற்று அசையக்கூடாது, ஆனால் மனிதர் உள்ளே வந்து போக வேண்டும். அதனால் நேராகத் திறக்காத, படிப்படியாக இருட்டுகிற நுழைவு. ஈரம் குறையாமல் தண்ணீர். வெயில் காலத்தில் சூடேறாமல் குளிர்ச்சி. சுவர் வழவழவென்று இருக்கக்கூடாது, புழு தொட்டில் கட்டச் சின்னச் சின்ன மடிப்பும் குழிவும் வேண்டும். பாறை மாதிரி இழைத்தது நம் கண்ணை ஏமாற்ற மட்டுமல்ல. எல்லாவற்றுக்கும் மேல், சோறு. மூடிய அறையில் ஆற்றுப்பூச்சி தானாக வராது. பழ ஈ போன்ற சிறு பூச்சிகளை வளர்த்து உள்ளே விட வேண்டும். ஒருநாள் மறந்தால் மறுநாள் தெரியாது, ஒரு மாதம் மறந்தால் கூரை இருண்டுவிடும்.

அப்புறம் நேரம். மழைக்காட்டில் இந்தப் புழு ராத்திரிதான் எரியும். டிக்கெட் விற்பதோ பகலில். என்ன செய்வது? ராத்திரி உள்ளே விளக்கைப் போட்டுவிடுகிறார்கள், பகலில் அணைத்துவிடுகிறார்கள். புழுவின் உடம்புக் கடிகாரம் சில நாளில் தலைகீழாகிவிடுகிறது. நமது பகல் அதன் இரவு. இதைக் கேட்டதும் எனக்கு ஆலைச் சங்குதான் ஞாபகம் வந்தது. நைட் ஷிப்ட் போடுவதற்கு இதைவிட நல்ல உவமை கிடைக்காது என்று குறிப்பெடுத்தும் வைத்தேன். பிறகு டாஸ்மேனியக் குகைகளைப் பற்றி மெரிட்டும் அவர் கூட்டாளிகளும் எழுதியதைப் படித்தேன். அந்தக் குகைகளின் ஆழத்தில் சூரியனே கிடையாது. அங்கேயுள்ள இன்னொரு இனப் புழுக்கள் பக்கத்துப் புழுவின் வெளிச்சத்தைப் பார்த்தே தங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டு, ஒன்றாக ஏறி ஒன்றாக மங்குகின்றன. அவற்றின் உச்சம் நம் நடுராத்திரியோடு ஒத்துப்போவதும் இல்லை. 'இயற்கையான நேரம்' என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது சூரியனின் நேரமும் அல்ல, கூட்டத்தின் நேரம். என் ஆலைச் சங்கு உவமை பாதி உடைந்தது. பாதி இன்னும் இருக்கிறது: கூட்டத்தின் நேரத்தைத் தாங்களே முடிவு பண்ணுவது வேறு, டிக்கெட் கவுண்டர் முடிவு பண்ணுவது வேறு.

சரி, நான் எந்தப் பக்கம்? நண்பர்கள் சிலரிடம் இதைச் சொன்னபோது, சுற்றுலா மூலதனத்துக்கு வக்காலத்து வாங்குகிறாய் என்றார்கள். இருக்கலாம். டிக்கெட் வாங்க முடியாதவனுக்கு அந்த இருட்டு கிடையாது, மறுக்கவில்லை. சிமெண்டுக் குகை இருக்கிறதே என்று காட்டை அழிக்கிறவனுக்குச் சாக்கு கிடைக்கும் என்பதையும் மறுக்கவில்லை. 2019-இல் பக்கத்து லாமிங்டன் பூங்காவின் ஓரத்தில் பின்னா புர்ரா விடுதி காட்டுத்தீயில் சாம்பலானது. எரியவே எரியாது என்று நினைத்திருந்த மழைக்காட்டின் விளிம்புக்குத் தீ வந்துவிட்டது. அப்படியொரு காலத்தில், கூண்டுக்குள் ஒரு விதைக்கூட்டம் இருப்பது ஆறுதலா, அல்லது வெளியே எரிந்தால் எரியட்டும் என்பதற்கான முன்னேற்பாடா?

ஆனாலும் வைட்டோமோ 1906-ஐயும் டம்போரின் 2007-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறபோது ஒரு வித்தியாசம் கண்ணில் படுகிறது. 1906-இல் அரசு, இது இயற்கை, இது எல்லோருக்கும் சொந்தம், ஆகவே உன்னுடையதல்ல என்று டினோராவிடம் சொன்னது. இயற்கை என்கிற கதையாடல்தான் அங்கே பறித்த கை. சிமெண்டுக் குகை அந்தப் பொய்யைச் சொல்வதில்லை. இது கட்டியது, இதை நாங்கள் நடத்துகிறோம், ஈரத்தை நாங்கள் தெளிக்கிறோம், ஈயை நாங்கள் வளர்க்கிறோம் என்று ஒப்புக்கொண்டுதான் உள்ளே விடுகிறது. வழிகாட்டிப் பெண் அதை ஒளிக்கவில்லை. கூச்சப்படவும் இல்லை. பாதுகாப்பு என்பது தினசரி யாரோ செய்கிற கூலிவேலை என்பது அங்கே கண்ணுக்குத் தெரிகிறது. அதற்காக அது நிற்கிற நிலம் வாங்கரிபுர்ராக்காரர்களுடையது என்பது இல்லாமல் போய்விடாது. சிமெண்டுக்கு அடியிலும் மண் இருக்கிறதல்லவா.

மறுநாள் ராத்திரி அக்கா மகன் நேச்சுரல் பிரிட்ஜுக்குக் கூட்டிப்போனான். காட்டுக்குள் இறங்கும் பாதை ஈரமாக இருந்தது. குகைவாயில் சுமார் நாற்பது பேர். அருவி இரைச்சலில் யார் பேசுவதும் கேட்கவில்லை. மேலே நீலம் தெரிந்தது, முந்தின நாளைவிட சிதறலாக. எங்களுக்கு முன்னால் ஒருவர் கைப்பேசி டார்ச்சைக் கூரைக்குக் காட்டினார். அந்த வட்டத்துக்குள் இருந்த புள்ளிகள் ஒவ்வொன்றாக மங்கின. "நேத்து உள்ள விடவே மாட்டாங்க இப்படி," என்றான் அவன் என் காதில். டார்ச்சை அணைக்கச் சொன்னோம். அணைத்தார். அந்தப் புள்ளிகள் திரும்ப வருகிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். மேலே சாலையில் அடுத்த பஸ் வந்து நின்றது. கதவு திறந்து, வரிசையாக விளக்குகள் பாதையில் இறங்க ஆரம்பித்தன.